சனி விலகும்வரை மனைவி பெயரில்

2024 ஜூன் 9, ஞாயிறு. லுசாக்கா

பட்டறையைத் திறந்தாயிற்று. ஸாம்பியாவில் எலுமிச்சம்பழம் கிடைக்கிறது, பூசணிக்காய் கிடைக்கிறது. கற்பூரத்தை மட்டும் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்திருந்தேன். வாசலில் குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்தபோது பக்கத்து டயர் கடைக்காரர் ஓடிவந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்.

பலகையில் ‘மயிலா பம்ப்ஸ் அண்ட் ரீவைண்டிங்’ என்று எழுதியிருக்கிறது. மயிலாத்தாள் என் மனைவி. பதிவுச் சான்றிதழில் அவள் பெயர், வங்கியில் அவள் பெயர், வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயர், இந்த நாட்டில் தொழில் செய்வதற்கான அனுமதியும் அவள் பெயரில். பட்டறை என்னுடையது.

பின்னாளில் படிக்கும்போது எனக்கே குழப்பம் வரக் கூடாது என்பதால் விளக்கமாக எழுதிவிடுகிறேன். என் ராசி மகரம். ஏழரைச் சனி நடக்கிறது. பீளமேட்டில் வைத்த பட்டறையை மூட வேண்டி வந்தது இந்தச் சனியால்தான். பல்லடத்தில் எடுத்த பம்ப் ஏஜென்சி கைவிட்டுப் போனதும் இதே சனியால்தான். (அதற்கு முன்னால் காந்திபுரத்தில் சின்னதாக ஒரு கடை இருந்தது. அதைச் சேர்க்க வேண்டியதில்லை.) சிங்காநல்லூர் ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கடல் தாண்டிப் போங்க, நல்லாருக்கும். ஆனா உங்க பேர்ல ஒரு துரும்பு வாங்கக் கூடாதுங்க. வர்ற மார்ச் இருவத்தொம்போது சனி மாறுது. அதுவரைக்கும் வீட்டம்மா பேர்ல இருக்கட்டும். அப்பறம் மாத்திக்குங்க.”

இதில் புதுமை ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் பாதிப் பட்டறைகள் பெண்டாட்டி பெயரில்தான் ஓடுகின்றன. பலகையில் சாந்தாமணி இண்டஸ்ட்ரீஸ் என்று இருக்கும். சாந்தாமணி வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருப்பாள், அவள் வீட்டுக்காரர் பட்டறையில் உட்கார்ந்திருப்பார். சாந்தாமணிக்குப் பட்டறைக்கு வழி கேட்டால்கூடத் தெரியாது.

இங்கே காகிதங்களைத் தயாரித்துக் கொடுத்த வக்கீல் மிசஸ் சண்டா மூன்று தடவை கேட்டார். “பெயர் யாருடையதோ அவர்தான் முதலாளி. மற்றவர் அவரைச் சார்ந்து இருப்பவர் மட்டுமே. யோசித்துவிட்டீர்களா?” ஒன்பது மாதம்தான் மேடம் என்றேன். அதென்ன ஒன்பது மாதம் என்று கேட்டார். சனியை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு வரவில்லை. குடும்ப வழக்கம் என்று சொல்லி முடித்தேன்.

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் மாமனார் மயிலாவுக்கு எழுதிவைத்த இடத்தை விற்றுத்தான் இங்கே வந்தோம் என்பது உண்மை. விற்கலாம் என்ற யோசனை என்னுடையது.

ஜூன் 26

கரன்ட் இல்லை. எரிந்துபோன ஆறு மோட்டார்கள் கம்பி மாற்றிக் கட்ட வந்திருக்கின்றன. தெம்போ என்று ஒருவரை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வயது, வடக்கே செப்புச் சுரங்கத்தில் மோட்டார் கட்டியவர். என்னை ‘பாஸ்’ என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது.

ஜூலை 18

தெம்போவுக்கு மலேரியா. மூன்று மோட்டார்களை நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். சாப்பாடு கொண்டுவந்த மயிலா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பேசாமல் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குத் தெரியும். மாமனார் கணபதியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். கல்யாணம் வரைக்கும் இவள் அங்கேதான் இருப்பாள். என் வீட்டுப் பெண் பட்டறையில் உட்கார வேண்டாம் என்று நான்தான் நிறுத்தினேன். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

மூன்றும் சாயங்காலத்துக்குள் முடிந்தன. ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. வந்த மோட்டார்களும் நல்ல மோட்டார்கள்தான்.

ஆகஸ்ட் 14

படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் சரியாகும்.

காலை பத்து மணிக்குக் குடியேற்றத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இந்த ஊரில் யார் வந்தாலும் முதலில் நலம் விசாரிப்பார்கள். வீட்டில் எல்லோரும் சுகமா, நன்றாகத் தூங்கினீர்களா, வெயில் எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். நான் ஒரு மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையில் ஸ்பேனர். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். பிறகு பெரியவர் கேட்டார்: “நீங்கள் இங்கே யார்?”

“நான்தான் முதலாளி.”

பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். இன்னொருவர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதில் மிசஸ் மயிலாத்தாள் என்று இருக்கிறது.”

“அது என் மனைவி. பேருக்கு மட்டும்.”

சொல்லியிருக்கக் கூடாது. பேருக்கு மட்டும் என்றால் என்ன என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த தாளை விரலால் தொட்டுக் காட்டினார். வேலை செய்ய அனுமதி இல்லை என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. கையில் ஸ்பேனரோடு நிற்கிறீர்களே, இது குற்றம், ஊருக்கு அனுப்பிவிடலாம் தெரியுமா என்றார். ஸ்பேனரை மேஜையில் வைத்தேன்.

அப்போது மயிலா உள்ளே வந்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் வழக்கப்படி முதலில் நலம் விசாரித்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: “பட்டறை என்னுடையது. இவர் என் கணவர். எனக்காகக் காத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார். இனி எடுக்க மாட்டார்.”

அவளுக்கு இவ்வளவு ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? பன்னிரண்டாவது வரைதான் படித்தவள்.

அவர்கள் அவளிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எச்சரித்துவிட்டுப் போனார்கள். நான் மறுபடி ஒரு கருவியோடு அங்கே நின்றால் மறு எச்சரிக்கை கிடையாது. மிசஸ் சண்டாவுக்குப் போன் செய்தேன். பட்டறையை என் பெயருக்கு மாற்றினால் எனக்குத் தனி அனுமதி வாங்கலாம், மாற்றிவிடவா என்று கேட்டார். மார்ச் இருபத்தொன்பதுக்கு முன்னால் முடியாது என்றேன். அந்தம்மா தேதியை எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 15

வீட்டில் இருந்தேன்.

ஆகஸ்ட் 27

வீட்டில் இருந்தேன். சனிப்பெயர்ச்சிக்கு இன்னும் 214 நாள்.

பட்டறையை வீட்டிலிருந்தே நடத்துவது ஒன்றும் கஷ்டமில்லை. போன் இருக்கிறது. காலையில் அவளுக்குப் பதினொரு குரல் செய்தி அனுப்பினேன். எந்த மோட்டாரை முதலில் எடுப்பது, தெம்போவிடம் எப்படிப் பேசுவது, வாடிக்கையாளரிடம் எதைச் சொல்லக் கூடாது, எல்லாம் விவரமாக. ஒரே ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. மத்தியானம் கூப்பிட்டேன். “வேலையா இருக்கறனுங்க, அப்பறம் பேசறனுங்க” என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து பேசினார். “என்னடா தம்பி, பட்டறை எப்படிப் போகுது?”

“நல்லாப் போகுதுங்ணா. மூச்சு விட நேரமில்லீங்ணா.”

பேசும்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இங்கேயும் முருங்கை மரம் இருக்கிறது.

அக்டோபர் 10

மழை பொய்த்து அணை வற்றி, ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கரன்ட் வந்தால் அதிகம். வரும்போது தாறுமாறாக வருகிறது, மோட்டார்கள் எரிகின்றன. பட்டறை வாசல்வரை மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கின்றன. இந்த ஊரில் ரீவைண்டிங் பிய்த்துக்கொண்டு போகும் என்று முதலில் சொன்னது யார்? நான்.

மயிலா இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறாள். காயில் சுற்றச் சொல்லிக்கொடுக்கிறாளாம். என்னைக் கேட்கவில்லை. அவளை அவர்கள் ‘பா மயிலா’ என்கிறார்கள். ‘பா’ என்பது இங்கே மரியாதைச் சொல், நம்மூர் ‘ங்க’ மாதிரி.

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகிறேன். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், அதில் உட்காருவேன். எதையும் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வேன். இன்று ஒரு பண்ணைக்காரர் வந்து, என்னையும் வாடிக்கையாளர் என்று நினைத்து, உங்கள் மோட்டார் இன்னும் ஆகவில்லையா என்று என்னைக் கேட்டார். தெம்போ சொன்னார்: “இவர் பா மயிலாவின் வீட்டுக்காரர்.” பாஸ் என்று சொன்ன வாய்தான் அது.

சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டேன். இருந்ததுங்க என்றாள். பாதி சாப்பிடும்போதே எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 17, ஞாயிறு

தெம்போவின் அக்கா இறந்துவிட்டார். துக்க வீட்டுக்கு மயிலாவும் போயிருக்கிறாள், சாயங்காலம்தான் வருவாள். நாளைக் காலை பிரசவ விடுதியின் மோட்டாரைக் கொடுக்க வேண்டும், அது தெம்போவின் மேஜையில் பிரித்தபடி கிடக்கிறது என்று நேற்று பேச்சுவாக்கில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எந்த அதிகாரியும் வர மாட்டான். சாவி ஆணியில் தொங்கியது.

நானே கட்டினேன். நாலு மணி நேரத்தில் முடிந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு கையில் செம்புக் கம்பி! மனசு நிறைந்திருந்தது, பொய் சொல்லவில்லை. நடுவில் அண்ணன் கூப்பிட்டார், இருபது நிமிடம் ஊர்க்கதை. “வேலையா இருக்கறனுங்ணா” என்று உண்மையாகவே சொல்ல முடிந்தது. போனை வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சுற்றினேன். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். முடிந்த மோட்டாரைப் பார்த்து நாளை ஆச்சரியப்படட்டும். இரண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 18

அவள் ஆச்சரியப்படவில்லை. துக்கத்துக்குப் போகும் முன்பே தெம்போ முடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, காலையில் முதல் வேலையாக அனுப்பிவிட்டாள்.

நவம்பர் 20

பிரசவ விடுதி மோட்டார் எரிந்துவிட்டது. நேற்று முழுக்க அங்கே தண்ணீர் இல்லை. பெரிய நர்ஸ் பட்டறைக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார். பச்சைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வாளியில் தண்ணீர் சுமந்தார்களாம். மயிலா பட்டறையிலிருந்த ஒரு புது மோட்டாரைக் கொண்டுபோய்த் தானே பக்கத்தில் நின்று மாட்டவைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

தெம்போவுக்கும் வயதாகிறது என்றேன்.

எரிந்த காயிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பர் விரித்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே பிரித்தாள். நான் டிவி பார்த்தேன். ஐம்பத்தெட்டு சுற்று இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்று இருந்தது.

“ஏனுங்க, ஞாயித்துக்கெழம எங்கீங்க போயிருந்தீங்க?”

“எங்க போவேன்? வீட்லதான்.”

“தெம்போ இடது கைக்காரருங்க. இதுல நூல் கட்டு எல்லாமே வலது கைக்கட்டா இருக்குது.”

செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அவள் கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

ஏழு சுற்று குறைந்ததில் மோட்டார் சூடேறி எரிந்திருக்கிறது. அண்ணன் கூப்பிடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. சனி வேறெப்படி வேலை செய்யும்?

நவம்பர் 22

பட்டறைக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறார்கள். பழைய சாவி தொலைந்துவிட்டதாம். ஆணியில் இப்போது எதுவும் தொங்கவில்லை.

தெம்போ என்னைப் பார்த்ததும் எப்போதும்போல் எழுந்து நின்று நலம் விசாரித்தார். வீட்டில் எல்லோரும் சுகமா என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா போனதற்கு நான் துக்கம்கூட விசாரிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடினோம். கரும்பு நன்றாக இருந்தது. ஆளாளுக்கு மயிலாவைச் சூழ்ந்துகொண்டு போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது, என்ன மோட்டார் போடலாம் என்று கேட்டார்கள். புதிதாக வந்த வங்கிக்காரர் ஒருவர் என்னிடம், “சார் என்ன பண்றீங்க?” என்றார்.

“கன்சல்டன்ட்.”

“எதுலங்க சார்?”

பாயசம் வாங்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 28

இன்னும் 29 நாள். மிசஸ் சண்டாவிடம் மாற்றல் பத்திரங்களைத் தயார் செய்யச் சொல்லிவிட்டேன். என் பெயரில் பட்டறை, அவளுக்குச் சார்ந்திருப்பவர் அனுமதி. மயிலா இனி கஷ்டப்பட வேண்டியதில்லை, வீட்டில் இருக்கலாம். எட்டு மாதத்தில் கையெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது அவளுக்கு.

மார்ச் 29, சனி

கோயிலில் எள் விளக்குப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, பத்திரத்தை மயிலாவின் முன்னால் வைத்தேன். நாலு பக்கம். நாலு பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள். பிறகு மடித்து என்னிடம் கொடுத்தாள்.

“வாக்கியப் பஞ்சாங்கப்படி அடுத்த வருஷம் மார்ச்சுலதானுங்க சனி மாறுது.”

“திருக்கணிதப்படி இன்னிக்கு.”

“நம்ம வீட்ல எப்பவுமே பாம்புப் பஞ்சாங்கந்தானுங்களே பாப்பாங்க. கல்யாணத்துக்கு நாள் பாத்ததும் அதுலதான். அதுல அடுத்த வருஷமுன்னுதான் போட்டிருக்குது.”

இரண்டு பஞ்சாங்கமும் இந்தத் தடவை ஒரு வருஷம் வித்தியாசப்படுகின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. முதலில் வருவதை ஜோசியர் சொன்னார், நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். “ஏம்புள்ள, விளையாடறயா?” என்று கத்தினேன். “என் பட்டறைய என்கிட்டக் குடுக்கறதுக்கு நீ நாள் பாப்பயா?”

அவள் கத்தவில்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

“சரிங்க, பஞ்சாங்கத்த உடுங்க. சனி மாறுனாலும் மாறாட்டியும் நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க.”

“ஏன்?”

“காந்திபுரத்துக் கடைய மூடுனது ரெண்டாயிரத்துப் பதினாறுலீங்க. அப்ப உங்களுக்கு ஏழரையே ஆரம்பிக்கல. சனி பதினொன்னாம் எடத்துல இருந்துச்சு, லாபத்துல. நானும் பாத்தனுங்க. அந்தக் கடைய எது மூடுச்சுன்னு நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

மடித்த பத்திரத்தை மறுபடி விரித்தேன்.

“பீளமேட்டுலயும் சுத்து கொறச்சலாத்தான் கட்டுனீங்க. எரிஞ்சு திரும்பி வந்ததெல்லாம் எங்கப்பா ராத்திரியும் பகலுமா உக்காந்து மறுபடி கட்டிக் குடுத்தாரு. உங்க மொகம் வாடக் கூடாதுன்னு என்கிட்டயே சொல்லல. சாகப்போறப்பத்தான் சொன்னாரு. நானும் சனின்னே சொல்லிட்டு இருந்தனுங்க. ஆனா அந்தப் பெரிய நர்ஸு என்னையக் கேட்டாங்க பாருங்க, ஒரு கொழந்தையக் கழுவத் தண்ணியில்லாம நின்னமேன்னு... அவங்ககிட்ட நான் சனின்னு சொல்ல முடியுமாங்க?”

சுற்றுக் குறைந்தால் கம்பி மிச்சமாகும், வேலை சீக்கிரம் முடியும், யாருக்கும் உடனே தெரியாது. எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். இதை அவளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்து, சொல்லவில்லை. இங்கே எழுதியதைப் படித்துப் பார்க்கும்போது, அதை ஒரு நியாயமாகச் சொல்ல நினைத்தேனே என்று இருக்கிறது. அந்த நவம்பர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேண்டுமென்று குறைக்கவில்லை. சத்தியமாக எண்ணிக்கைதான் தவறியது. அதை மட்டுமாவது அவள் நம்ப வேண்டும். ஆனால் எந்த வாயால் சொல்வது?

மாமனார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை அந்த மனுஷன். எனக்கு அவமானமாக இருக்கிறது.

ஏப்ரல் 2

பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பிட்டாள்.

ஏப்ரல் 5

ஊருக்குப் போய்விடலாம் என்று டிக்கெட் பார்த்தேன். போய் அண்ணனிடம் என்ன சொல்வது? அங்கே எனக்கு எதுவும் இல்லை, இடத்தையும் விற்றாயிற்று. பெண்டாட்டி துரத்திவிட்டாள் என்று சொன்னால் ஊரே என் பக்கம் நிற்கும், அது நிச்சயம். ஒரு வாரம் நிற்பார்கள். அதற்கப்புறம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்கள். அவள் துரத்தவுமில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 7

அண்ணன் பேசினார். சனி விட்டுருச்சல்லடா, உன் பேருக்கு மாத்திட்டயா என்று கேட்டார்.

“ஆச்சுங்ணா.”

ஏப்ரல் 9, புதன்

மாதக் கடைசியில் இங்கே தங்குவதற்கான என் அனுமதி முடிகிறது. நீட்டிப்பதற்கு மயிலாதான் விண்ணப்பிக்க வேண்டும், யாரைச் சார்ந்து இருக்கிறேனோ அவர். மிசஸ் சண்டா ஃபாரத்தை அனுப்பியிருந்தார். மாற்றல் பத்திரம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பட்டறையிலிருந்து வந்து, கை கழுவி, மேஜையில் உட்கார்ந்து நிரப்பினாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுதுவது தலைகீழாகத் தெரிந்தது. விண்ணப்பதாரருக்கும் சார்ந்திருப்பவருக்கும் என்ன உறவு: கணவர். சார்ந்திருப்பவரின் தொழில்: அங்கே பேனா கொஞ்சம் நின்றது. இல்லை என்று எழுதினாள். செலவுகளை யார் ஏற்கிறார்கள்: நான்.

அடுத்த கட்டத்தில் எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டிருந்தது. ஒரு வருஷமும் கேட்கலாம், இரண்டு வருஷமும் கேட்கலாம். அவள் அனுமதி இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது.

“எத்தன வருஷத்துக்குப் போடட்டுமுங்க?” என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

“ரெண்டு போடு” என்றேன்.

ஒன்று என்று எழுதி, “அடுத்த வருஷம் பாத்துக்கலாமுங்க” என்று ஃபாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். கையெழுத்துப் போட்டேன்.